கேள்வி-பதில்: இதயத்துக்குக் கண்வலிக்கிழங்கா?

கே: மாரடைப்புக்குக் காரணம் கொழுப்பு என்றீர்கள். இப்போது அழற்சி என்கிறீர்கள். எது உண்மை? (மதுரை வாசகர்)

ப: இரண்டும் கூட்டுக் களவாணிகள். ரத்தக்குழாய்ச் சுவரில் புகுந்த கொழுப்பை விழுங்க வெள்ளணுக்கள் ஓடிவருகின்றன. விழுங்கிவிட்டுக் கிளம்பாமல் அங்கேயே குடியேறிவிடுகின்றன. அழற்சி மூண்டு படிவின் மேல்மூடி மெலிகிறது. அது கிழிந்தால் ரத்தம் உறைந்து அடைப்பு.

கே: அழற்சியை அடக்கினால் மாரடைப்பு குறையும் என்பதற்கு ஆதாரம்?

ப: 2017-ல் வெளியான கேன்டாஸ் ஆய்வு. மாரடைப்பு வந்து பிழைத்த சுமார் 10,000 பேர்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழற்சியை அடக்கும் கனகினுமாப் ஊசி. கொலஸ்ட்ரால் குறையவில்லை, ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்த்து 15% குறைந்தன. கூடவே உயிர்பறிக்கும் தொற்றுகள் சற்றுக் கூடின. விலையைக் கேட்டால் நெஞ்சுவலி நிச்சயம். இதயத்துக்கென்று அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவில்லை.

கே: ஸ்டென்ட் வைத்திருக்கிறேன். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் போடுகிறேன். அதுவும் அழற்சி மருந்துதானே, ஒரே கல்லில் இரண்டு மாங்காய்? (சேலம் வாசகி)

ப: அந்தக் கல் உங்கள் தலையில்தான் விழும், அம்மா! இந்த வகை வலிமாத்திரைகளில் பல, மாரடைப்பு ஆபத்தைக் கூட்டுபவை. ரோஃபிகாக்சிப் 2004-ல் சந்தையை விட்டே போனது அதனால்தான். மருந்துக்கடையில் 'வலிக்கு ஒண்ணு குடுங்க' என்று இனி கேட்காதீர்கள்.

கே: தினம் போடும் ஆஸ்பிரின் 75?

ப: அது தட்டணுக்கள் ஒட்டாமலிருக்க. அழற்சிக்கு அந்த அளவு போதாது. அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

கே: எங்கள் தோட்டத்துக் கண்வலிக்கிழங்கில் இதய மருந்து இருக்கிறதாமே? (மூலனூர் விவசாயி)

ப: இருக்கிறது, விதையில். கண்வலிக்கிழங்கு, அதாவது நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலிருந்து எடுப்பதுதான் கோல்ச்சிசின்; கவுட் மூட்டுவலிக்குப் பழைய மருந்து. நாள்பட்ட இதயநோயாளிகள் 5,522 பேருக்குத் தினம் 0.5 மி.கி. கொடுத்துப் பார்த்த லோடோகோ-2 ஆய்வில் (2020) மாரடைப்பு உள்ளிட்ட பாதிப்புகள் 31% குறைந்தன. 2023-ல் அமெரிக்கா அனுமதித்தது. மறு வருடமே, மாரடைப்பு வந்த கையோடு மருந்தைத் தொடங்கிய சுமார் 7,000 பேரிடம் நடந்த ஆய்வில் பலன் தெரியவில்லை. ஆகவே வழக்கு இன்னும் நடக்கிறது. என் ஓட்டு கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டினுக்கே முதலில். கிழங்கைக் கடித்துப் பார்க்காதீர்கள், அது ஆளைக் கொல்லும் விஷம்.

கே: கோல்ச்சிசின் எனக்கு ஒத்துவருமா?

ப: உங்கள் இதய மருத்துவரைக் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எடுத்தாலோ, அதை முதலில் சொல்லுங்கள்.