எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் பிரியர்

ஷோரூமில் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, சாவி வாங்கிய புதுக் காரை நேரே வீட்டுக்கு ஓட்டிப் போகிறவர்கள் சாமானியர்கள். எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் பிரியர் அந்த ரகமில்லை. சென்னைக்காரர் என்றால் முதல் திருப்பம், கார் ஃபிட்டிங் கடைகள் வரிசைகட்டி நிற்கும் ஜி.பி. ரோடுதான். பொறியாளர் கூட்டம் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு செய்து முடித்த வண்டி, அவர் கணக்கில், இன்னும் பாதி வேலை பாக்கியுள்ள வண்டி.

அவரைத் தூரத்தில் பார்த்ததுமே கடைப் பையன் முகம் மலர்கிறது. "சார், இதப் போட்டா வண்டியோட லுக்கே வேற சார்!"

"எவ்ளோப்பா?"

"உங்களுக்குன்னா பார்த்துப் பண்ணித் தரேன் சார்."

அவ்வளவுதான். முன்பக்கம் குழாய்க் கம்பி ஏறிவிடுகிறது. ஊர்ப்பக்கம் மாடு குறுக்கே வருமாம். மாட்டின் கதி என்ன என்று அவர் யோசிப்பதில்லை, தன் கதியையும்தான். காரின் முன்பகுதி மோதலில் நசுங்க வேண்டும் என்றே வடிவமைக்கப்பட்டது. அது நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொண்டால்தான் உள்ளே இருப்பவர் தப்புவார். சேஸிஸில் முடுக்கிய கம்பியோ அந்த அதிர்ச்சியைப் பத்திரமாக உள்ளே கடத்துகிறது. ஏர்பேக் சென்சாரையும் குழப்பலாம். இந்தக் கம்பிகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுக்கு விரோதம், நடவடிக்கை எடுங்கள் என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. "எல்லாரும்தான் போட்டிருக்காங்க" என்பது அவருடைய சட்ட விளக்கம்.

அடுத்தது விளக்கு. கம்பெனி கொடுத்த 60/55 வாட் பல்பு அவருக்கு அகல் விளக்கு. 100/90 வாட் மாட்டுகிறார். ரிலே வைத்துத் தனி ஒயரிங் இழுக்கச் சொன்னால் அது வீண் செலவாம். சில மாதத்தில் ஹோல்டர் உருகுகிறது. எதிரே வருகிறவர் கண் கூசித் திட்டுவதை, வண்டியைப் பார்த்து வந்த பொறாமை என்று எடுத்துக்கொள்கிறார்.

கறுப்பு ஃபிலிமுக்கு 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தடை போட்டது அவருக்கும் தெரியும். முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்ற விதியும் தெரியும். போலீஸ் நிறுத்தி உரிக்கச் சொல்லும்வரை ஒட்டியிருக்கலாமே என்பது அவர் கட்சி.

14 அங்குலச் சக்கரத்தைக் கழற்றி 17 அங்குல அலாய் போட்ட பிறகு வண்டி கம்பீரமாகத்தான் நிற்கிறது, ஓடும்போதுதான் சிக்கல். சக்கரம் பெருத்தால் டயரின் பக்கச் சுவர் மெலிகிறது. மழைக்குப் பிந்திய சென்னைச் சாலையின் ஒவ்வொரு பள்ளமும் முதுகுத்தண்டில் பதிவாகிறது. மொத்த விட்டம் மாறிவிட்டால் ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லத் தொடங்கும். மைலேஜ் குறையும். குறைந்ததைச் சரிக்கட்ட, பெட்ரோல் குழாயில் ஒரு காந்தம் கட்டுகிறார்! இந்த மாதிரி எரிபொருள் சிக்கனக் கருவிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கு மேல் ஆராய்ந்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டிய கருவி ஒன்றுகூட அதற்கு அகப்படவில்லை.

பின்னால் ஸ்பாய்லர் வேறு. வேகம் ஏறினால்தான் அதற்கு வேலை. அவருடையதோ வடபழனி சிக்னலில் முதல் கியரில் ஊர்கிற சின்னக் கார். ஸ்பாய்லரில் காக்கா உட்காரலாம்.

அவர் வாங்கியதெல்லாம் தண்டம் என்று சொன்னால் பாவம். ரிவர்ஸ் கேமராவும் டேஷ்கேமும் போட்ட காசுக்கு நியாயம் செய்பவை. ஒயரை வெட்டாமல் கப்ளர் வைத்து இணைத்தால் வாரண்டிக்கும் பெரும்பாலும் வம்பில்லை. ஆனால் கேமராவை அவர் நம்புவதில்லை. பின்னால் எடுக்கும்போதெல்லாம் மனைவி இறங்கி நிற்க வேண்டும். "வாங்க... வாங்க... லெஃப்ட்ல ஒடிங்க... ஐயோ, நில்லுங்கன்னா!" கேமரா அந்தக் காட்சியை நல்ல தெளிவுடன் காட்டுகிறது.

சீட்டுக்கு மெத்து மெத்தென்று ரெக்சின் கவர் தைத்தாரே, அது தனிக் கதை. சைடு ஏர்பேக் உள்ள வண்டிகள் பலவற்றில் அது சீட்டின் ஓரத்திலிருந்துதான் விரிய வேண்டும். தையல்காரர் அங்கே அழகாக இரட்டைத் தையல் போட்டுவிட்டார்.

விற்கும் நாளில்தான் உண்மை விலை தெரிகிறது. புரோக்கர் சுற்றி வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார். "கம்பெனி ஃபிட்டிங்லயே இருந்தா நல்ல ரேட் போகும் சார். இதெல்லாம் கழட்டணும்."

இத்தனைக்கும் நடுவே அவர் தொடாத ஒன்று ஸ்டெப்னி டயர். அது யார் கண்ணிலும் படாதே! டயரின் பக்கவாட்டில் ஒரு நான்கு இலக்க எண் இருக்கும். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது என்று பொருள். நீங்களும் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் வாங்கக் கிளம்பியிருந்தால், முதலில் உங்கள் வண்டியின் ஐந்து டயர்களிலும் அந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள். பழசாகியிருந்தால் அந்தக் காசில் புது டயர் வாங்குங்கள்.