நாஞ்சில் நாட்டில் ரிக்கார்டு பிளேயரின் மறுபிறப்பு: சட்டவியல், உராய்வியல், எண்ணியல் நோக்கில் ஓர் ஆய்வு

ரிக்கார்டு பிளேயர் நாஞ்சில் நாட்டுக்கே உரிய பொருள் என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். ஜெர்மனியில் பிறந்த எமில் பெர்லினர் 1887-ல் அமெரிக்காவில் கிராமபோனுக்குக் காப்புரிமை வாங்கிக்கொண்டதும், 1902-ல் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் வந்திறங்கி கௌஹர் ஜானைப் பாடவைத்துப் பதிந்ததும் இந்த ஆய்வாளர் அறியாதவை அல்ல. அவை தோற்றம் பற்றிய செய்திகள். உரிமை வேறு சங்கதி. தேரூர்க் கவிமணி கல்வெட்டுகளைப் படித்தார். கே.கே. பிள்ளை சுசீந்திரம் கோயிலைப் பற்றி 1953-ல் ஒரு பெருநூலே வெளியிட்டார். கல்வெட்டையும் கோயிலையும் முன்னோர் எடுத்துக்கொண்டுவிட்டபடியால், பின்னால் வந்தவனுக்குக் கட்டிலுக்கடியில் கிடந்த பெட்டிதான் மிச்சம்.

முதலில் உரிமைச் சிக்கல். பெட்டி மாமாவுடையது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் முன்பு சொத்து தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஏதோ ஒரு சிறு பங்கு. இதனால் வீட்டுக்கு வீடு நடந்த கூத்தைத்தான் கவிமணி ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ என்று பாடிவைத்தார். 1926-ல் திருவிதாங்கூரில் சட்டம் வந்து அந்த வழக்கத்தின் வேரை அசைத்தது. ஆனால் வக்கீல்களுக்குத் தெரிந்த சொத்து இரண்டே வகை: அசைவது, அசையாதது. சுழலும் சொத்தைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. எனவே இதற்குப் பழைய வழக்கமே செல்லும் என்று அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார். பெட்டி மருமகனுக்கு, தட்டுகள் மகனுக்கு உகந்துடைமை. அன்றிலிருந்து அத்தானிடம் பாட்டு இருக்கிறது, சத்தம் இல்லை. இந்த ஆய்வாளரிடம் சத்தம் இருக்கிறது, பாட்டு இல்லை. நல்லநாள் பெரியநாளில் சந்திக்கும்போது ஒருவர் சொத்தை மற்றவர் மிகுந்த அக்கறையோடு நலம் விசாரிப்பது வழக்கம்.

இனி உராய்வியல். அடித்தட்டைக் கழற்றியபோது பல்லி முட்டை ஓடுகளும் கறுத்துப்போன ஒரு பத்துப் பைசாவும் கிடைத்தன. இவற்றின் காலத்தைக் கணிக்கும் பணி வருங்கால ஆய்வாளர்களுக்கு விடப்படுகிறது. மோட்டார் ‘உம்’ என்றது, சுழலவில்லை. வடசேரியில் ரேடியோ பார்த்தே நரைத்த ஓர் அண்ணாச்சி புஷ்ஷை விரலால் தொட்டு முகர்ந்தார்.

“தேங்கா எண்ணெ விட்டிருக்காவ, மக்கா.”

“மாமா எல்லாத்துக்கும் அதுதான் விடுவாரு, அண்ணாச்சி.”

“மண்டைக்கு விடலாம். மோட்டாருக்கு விட்டா பிசினாப் போவும்லா.”

இந்த ஆய்வின் மிக முக்கியமான கள ஆதாரம் இதுவே. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியில் உறையத் தொடங்கும். நாகர்கோவிலில் வருஷத்தில் பெரும்பகுதி அதற்கு அந்த வாய்ப்பில்லை. மார்கழி விடியற்காலையில் உண்டு. பஜனைக்குப் போட்டியாக மாமா அதிகாலையில் வைத்த பாட்டெல்லாம் அரைக்கட்டை தாழ்ந்தே கேட்டது என்று அத்தை சொல்வதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. பாடகர் மேல் குற்றமில்லை, குளிர்ந்தது எண்ணெய்.

பரிகாரம் எளிது, பொறுமைதான் வேண்டும். மோட்டாரைப் பிரித்துப் பிசினைப் பெட்ரோலில் கழுவ வேண்டும். அச்சைத் தாங்கும் வெண்கலப் புஷ், பொடியை அழுத்திச் செய்தது. உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளை. வெதுவெதுப்பான லேசான மெஷின் எண்ணெயில் அதை முக்கி வைத்தால் குமிழி குமிழியாகக் காற்று வெளியேறி எண்ணெய் உள்ளே போகும். குமிழி நின்றால் புஷ்ஷின் தாகம் தீர்ந்தது என்று பொருள். மேலே ஒரு சொட்டு விட்டுத் துடைப்பது வைத்தியமல்ல, சடங்கு.

அடுத்து ஐட்லர். மோட்டார் அச்சுக்கும் தட்டின் உள்விளிம்புக்கும் நடுவே நிற்கும் ரப்பர்ச் சக்கரம் இது. அச்சு படிப்படியாகப் பருமன் மாறும். எந்தப் படியில் சக்கரம் உட்காருகிறதோ அந்த வேகம். 1954-ல் வந்து இன்றைக்கு லட்சக் கணக்கில் விலைபோகும் இங்கிலாந்துக் கேரார்டு 301-ம் இதே ஏற்பாட்டில்தான் ஓடுகிறது. வேகக்குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்பாமல் 45-லேயே விட்டுவிட்டுப் போனால் சக்கரம் அச்சோடு அழுந்திக் கிடந்து பள்ளம் விழும். பிறகு அந்தப் பள்ளம் வரும்போதெல்லாம் ‘டொக்’. மாமா குமிழைத் திருப்பியதில்லை. அவர் வீட்டு விளக்கையும் அணைத்ததில்லை என்பது இங்கே பொருத்தமற்றதானாலும் பதிவு செய்யப்படுகிறது.

குலசேகரத்திலும் கீரிப்பாறையிலும் ரப்பர் மரம் காடாக நிற்கும் மாவட்டத்தில் ஒரு ரப்பர்ச் சக்கரத்துக்குப் பஞ்சமா என்று கேட்கத் தோன்றும். கேட்டாயிற்று. புகைப்புரையிலிருந்து வரும் ஷீட்டை வெட்டி மாட்ட முடியாது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தாத ரப்பர் வெயிலில் இளகி ஒட்டும். ஆகவே பழைய சக்கரத்தையே ஓடவிட்டு, பொடி உப்புத்தாளை விளிம்பில் மெல்லப் பிடித்துப் பள்ளம் மறையும்வரை தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். பள்ளம் ஆழமென்றால் புதிய ரப்பர் வார்த்துக் கடைசலில் பிடிப்பதுதான் வழி. குலசேகரத்துப் பால்தான் வெளியூர் போய்ச் சக்கரமாகித் திரும்பி வந்திருக்கிறது என்பது இவ்வாய்வின் துணைக் கருதுகோள். நிரூபிக்கும் பொறுப்பு, ஆய்வுலக மரபுப்படி, மறுப்பவரைச் சேர்ந்தது.

ஊசியின் பாரத்தை இதுவரை கிராமில் சொல்லி வந்ததால்தான் மக்களுக்குப் புரியவில்லை. இரும்பு ஊசி மாட்டிய பழைய கிராமபோனின் தலை நூறு கிராமுக்கு மேல். பன்னிரண்டு பவுன் தாண்டும். பின்னால் வந்த செராமிக் கார்ட்ரிட்ஜ் ஐந்தாறு கிராம். முக்கால் பவுன் வரை. காந்தக் கார்ட்ரிட்ஜ் இரண்டு கிராமிலேயே பாடும், கால் பவுன். நூறாண்டில் சீதனம் இப்படிக் குறைந்தது வேறெந்தத் துறையிலும் நடந்ததாகத் தெரியவில்லை. குறைத்தது நியாயமே. இருபது நிமிடம் ஓடும் எல்.பி.யின் ஒரு பக்கத்தில் ஊசி கடக்கும் தூரம் ஏறத்தாழ 430 மீட்டர். கன்னியாகுமரிக் கரையிலிருந்து படகுக்கு வரிசையில் நிற்காமல் கிளம்பினால் விவேகானந்தர் பாறையை நெருங்கிவிடலாம். அத்தனை தூரமும் முக்கால் பவுனைச் சுமந்து தேய்த்துக்கொண்டே போனால் தட்டு என்னத்துக்கு ஆகும்?

ஆகவே செராமிக்கைக் கழற்றிக் காந்தத்தை மாட்டுவது என்று முடிவாயிற்று. மாட்டியதும் பாட்டு கேட்கும் என்று நினைப்பவர் இந்தத் துறைக்குப் புதியவர். செராமிக் தருவது ஒரு வோல்ட்டில் நாலில் ஒன்று, மூன்றில் ஒன்று. காந்தம் தருவது ஆயிரத்தில் ஐந்து பங்கு. போதாக்குறைக்கு, தட்டை வெட்டும்போதே அடிக்குரலைக் குறைத்து உச்சக்குரலைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். 1954 முதல் இதற்கு ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொது அளவு உண்டு. கேட்கும்போது அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். செராமிக் தன் பிறவிக் குணத்தால் ஏறக்குறையத் திருப்பிவிடும். காந்தத்துக்குத் தனியாக ஒரு பிரீ-ஆம்ப் வேண்டும். நாலு வயர்: வெள்ளையும் நீலமும் இடப்பக்கம், சிவப்பும் பச்சையும் வலப்பக்கம். எர்த் வயரை மறந்தால் எல்லா ராகத்துக்கும் அடியில் ‘ங்ங்’ என்று ஐம்பது ஹெர்ட்ஸ் சுருதிப்பெட்டி ஒன்று இலவசம். பழைய கையின் மூட்டு இறுக்கமாதலால் கால் பவுனுக்கு இறங்கி வராது. மூன்று கிராம் தாங்கும் கார்ட்ரிட்ஜே இதற்குத் தோது. இரண்டு கிராமில் ஓட்டியே தீருவேன் என்று பழைய பெட்டியோடு மல்லுக்கு நிற்பது வீம்பு.

இவ்விடத்தில் அயல்நாட்டு அரசியல் ஒன்றைத் தொட்டாக வேண்டும். 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற டச்சுக்காரர், இருநூறு வருஷம் பொறுத்து, பிலிப்ஸ் ரிக்கார்டு பிளேயர்களாக மாவட்டத்துக்குள் திரும்பி வந்தனர். தட்டு சுழலும்போது அவர்களுடைய கை எப்போதும் நடுவை நோக்கியே இழுபடும். வெளிப்பக்கமாக இழுத்துப் பிடிக்க ஒரு சிறு பாரம் தொங்கவிட வேண்டும். அதற்கு மீன்பிடிக்கும் தங்கூசி நரம்பும் ஒரு பொட்டு ஈயமும் போதும். நரம்பு குளச்சலில்தான் வாங்கப்பட்டது. வரலாறு தெரிந்தவர்களுக்கு மேலும் சொல்லத் தேவையில்லை.

பீடம் ஆயினிப் பலகை, அடியில் கயிற்றுப்பாய். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

தட்டு கழுவுவதில் ஓர் எச்சரிக்கை உண்டு. கடற்காற்றில் பூசணம் பிடித்த எல்.பி.யைச் சோப்புத்துளி கலந்த டிஸ்டில்டு வாட்டரில் கழுவலாம். கொஞ்சம் ஸ்பிரிட் பட்டாலும் வினைல் கலங்காது. பழைய 78 அப்படியல்ல. அது அரக்கு, சாராயம் பட்ட மாத்திரத்தில் கரையும். மாமாக்களிலும் இவ்விரு இனங்கள் உண்டு.

கடைசியாக வேகம். இங்கேதான் இவ்வாய்வு தன் உச்சத்தை அடைகிறது. தட்டு ஆறு சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி அரைக்கட்டை ஏறும். காதால் கண்டுபிடிக்கலாமே என்பார்கள். அன்றைய திருவிதாங்கூர்ச் செங்கோட்டையில் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் தட்டைப் போட்டுப் பார்க்கட்டும். அந்த உச்சக்குரலில் பிளேயர் ஏறியதா, கிட்டப்பா ஏறினாரா என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. காதை நம்பாமல் கண்ணை நம்புவதற்குக் கோட்டுத்தட்டு இருக்கிறது. ஓரத்தில் கறுப்புக் கோடுகள் அச்சிட்ட வட்டம் அது. சோக் உள்ள டியூப்லைட் நம் ஐம்பது ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வினாடிக்கு நூறு தரம் துடிக்கும். வேகம் சரியாக இருந்தால் அந்தத் துடிப்பில் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். வேகம் கூடினால் முன்னால் நகரும், குறைந்தால் பின்னால். பல எல்.இ.டி. விளக்குகளில் இந்தத் துடிப்பே இல்லாததால், மனைவி எவ்வளவு சொல்லியும் ஒரு பழைய டியூப்லைட் விஞ்ஞானத்துக்காகக் காப்பாற்றி வைக்கப்பட்டிருக்கிறது.

கோடுகளை எண்ணிப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. 45 வேகத்துக்கு 133 கோடுகள். குறளுக்கு 133 அதிகாரம். 2000 ஜனவரி 1-ல் குமரிக் கடலில் திறந்த வள்ளுவர் சிலை 133 அடி. தற்செயல் என்பார்கள். சரி, 78 வேகத்துக்கு? 77 கோடுகள். விவேகானந்தர் பாறையையும் வள்ளுவரையும் இணைத்து 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்தின் நீளம் 77 மீட்டர். இதற்கும் தற்செயல் என்பார்களா? அறுபது ஹெர்ட்ஸ் அமெரிக்காவில் இதே வேகங்களுக்கு 160-ம் 92-ம் வருகின்றன. அங்கே இரண்டுக்கும் ஒரு பொருளும் இல்லை. 133 கோட்டில் வேகம் 45.11 ஆகிறதே, அந்த .11 என்ன என்று ஓர் எதிர்வாதி கேட்டார். அது பாயிரம்.

33⅓ வேகத்துக்கு மட்டும் சான்று பாதிதான் கிடைத்திருக்கிறது. சுசீந்திரம் அலங்கார மண்டபத்தில், தட்டினால் சுரம் சொல்லும் இசைத்தூண்களில், ஒரே கல்லில் 33 சிறுதூண்கள் கொண்ட தொகுதி உண்டு. 1948-ல் எல்.பி.யை வெளியிட்ட கொலம்பியா நிறுவனத்தார் மேலே ஒரு மூன்றிலொன்றைச் சேர்த்தது தேவஸ்தானத்தோடு வழக்கைத் தவிர்க்கவே என்பது இந்த ஆய்வாளரின் துணிபு. ஆனால் அதன் கோடுகள் 180. மாவட்டம் முழுக்கத் தேடியும் 180 அடியிலோ மீட்டரிலோ ஒன்றும் அகப்படவில்லை. எனவே படித்துறையோ பாலமோ மதிலோ ஏதேனும் ஒன்றை 180 மீட்டரில் கட்டித் தருமாறு அரசுக்கு விண்ணப்பம் அனுப்பப்பட்டிருக்கிறது. அளவில் கறாராக இருக்கவும் அதிலேயே வற்புறுத்தியிருக்கிறது. ஒரு மீட்டர் கூடிப்போனால் வேகம் 33.15-க்கு இறங்கும், பாடகர் இழுப்பார். கான்ட்ராக்டர் ஒரு மீட்டரை விழுங்கிவிட்டால் 33.52, தனி ஆவர்த்தனத்துக்கு முன்பே பஸ் பிடிக்கப் போகிறவர்போல் பாடிவிடுவார்.