தலை திருப்பும் திமிங்கிலம்

கேள்வி: பெலூகா வெள்ளையாக இருக்கிறது. அதைத் தவிர மற்ற பல் திமிங்கிலங்களுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

பதில்: அந்த வெள்ளையும் பிறவியில் வந்ததில்லை. குட்டி சாம்பல் நிறத்தில் பிறந்து, வெளுக்கப் பல வருடங்கள் ஆகும். (நமக்குத் தலைமுடி மட்டும்!) முதுகுத் துடுப்பு கிடையாது, ஆர்க்டிக் பனிப்பாளத்துக்கு அடியில் நீந்தும்போது அது இடைஞ்சல். பெரும்பாலான திமிங்கிலங்களுக்குக் கழுத்தெலும்புகளில் சில ஒட்டிப்போயிருக்கும். பெலூகாவுக்கு ஏழும் தனித்தனி. எனவே யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்பிப் பார்க்கலாம்.

கூப்பிடவும் தெரியும். 1984இல் சான் டியாகோவில் அமெரிக்கக் கடற்படை வளர்த்த நாக் என்ற பெலூகா மனிதக் குரலைப் போல ஒலியெழுப்ப, 'வெளியே வா' என்று யாரோ சொன்னதாக நினைத்து ஒரு முக்குளிப்பாளர் மேலே வந்துவிட்டார். மேலதிகாரி குரல் என்றால் யாருக்கும் அப்படித்தான்.

நெருங்கிய சொந்தம், ஈட்டி போல் நீண்ட பல் கொண்ட நார்வால். கிரீன்லாந்தில் கிடைத்த ஒரு வினோத மண்டையோட்டின் டி.என்.ஏ. முடிவு 2019இல் வெளியானது: அப்பா பெலூகா, அம்மா நார்வால். மாப்பிள்ளைக்கு ஈட்டி இல்லையே என்று பெண் வீட்டார் கேட்கவில்லை போலிருக்கிறது.