மாஸ்டருக்கு ஒரு பிளேன்டி

வாங்க மாஸ்டர், இஸ்தோப்புல ஒக்காருங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, இன்னைக்கும் ரெண்டாம் வகுப்புதான் செயிச்சிருக்கு. பஸ் வர இன்னும் நேரம் கெடக்கு. ஏ புள்ள, மாஸ்டருக்கு ஒரு பிளேன்டி ஊத்து. இன்னைக்குக் கருப்பட்டியும் வையி.

என்னா, ஸ்டிக்கர் வேலைக்காகலையா? ரத்தோட்டைக் கடையில வாங்கியாந்த மினுக்கு நட்சத்திரம், ஒரு கட்டும் ஒரே வாரத்துல தீந்துபோச்சாமே. பிள்ளைகளெல்லாம் நெத்தியில, கன்னத்துல ஒட்டிக்கிட்டு லயத்துக்கு வந்துச்சுக. நேத்து எங்க ஆட்டுக்கடா நெத்தியிலயும் ஒண்ணு மினுக்குச்சு. அது என்னா நல்ல காரியம் பண்ணுச்சுன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன்.

எங்க காலத்துல இந்தக் கொழப்பமே கெடையாது. தோட்டத்து இஸ்கூலு, ஒரு மண்டபம், அஞ்சு வகுப்பு, ஒரு மாஸ்டர், ஒரு பெரம்பு. அதுல பெரம்புக்கு மட்டும் லீவே இல்ல. 'அடிச்சாங்க, அதனாலதான் ஆளானோம்'னு எங்க வயசுக்காரங்க பெருமை பேசுவாங்க. அவுங்க ஆன ஆளை நான் தெனமும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்! மாஸ்டர் தலை தெரியுற மட்டும் வாய்ப்பாடு, தலை மறைஞ்சா கொய்யா மரம். இன்னைக்கும் ஏழாம் வாய்ப்பாடு எனக்கு வராது. ஆனா செருப்புச் சத்தத்தை வச்சு வர்றது யாருன்னு சொல்லிருவேன். பெரம்புகிட்ட நான் படிச்ச படிப்பு அதுதான்.

இப்ப அந்த வழியும் அடைச்சாச்சு. அடிக்கக்கூடாதுன்னு 2016ல கல்வி அமைச்சு விட்ட 12ஆம் இலக்கச் சுற்றறிக்கைய நீங்கதான் அன்னைக்குக் காட்டுனீங்க. அதைவிடப் பெரிசு 2021 பெப்ரவரியில உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. மாஸ்டர் ஒருத்தரு அறைஞ்சதுல பையனுக்குக் காது கேக்காமப் போச்சு. மாஸ்டர் தன் காசுல 150,000 ரூபா, அரசாங்கம் 500,000 ரூபா குடுக்கணும்னு உத்தரவு. ஒரு அறைக்கு ஆறரை லட்சம்! அந்தக் காசுக்குக் கொழும்புலயே நல்ல அறையா எடுத்துத் தங்கலாம். சிரிக்காதீங்க மாஸ்டர், காசு வந்தாலும் அந்தப் பிள்ளைக்குப் போன காது போனதுதான்.

சரி, அடிக்கக்கூடாது, பாராட்டணும். பாராட்டத் தெரியுமா உங்களுக்கு? அதைக் கொழுந்து மலையில படிச்சிருக்கணும்.

எங்க வீட்டுக்காரி முப்பது வருசம் கொழுந்து எடுத்தவ. நாளைக்கு மூணு நிறுவை. தராசுல கூடை தொங்குனதும் கிலோவைச் சத்தமாச் சொல்லுவாங்க. அந்தச் சத்தம் காதுல விழுந்தா அடுத்த நிறுவைக்குக் கை தானா ஓடும்பா. மாசக் கடைசியில சொல்லியிருந்தா ஓடியிருக்குமா? செஞ்ச ஈரம் காயறதுக்குள்ள சொல்லணும். நீங்க என்னான்னா, வருசக் கடைசிப் பரிசளிப்பு விழாவுல குடுக்கலாம்னு வச்சிருக்கீங்க. ஏழு வயசுப் பிள்ளைக்கு வருசக் கடைசிங்கிறது அடுத்த பெறப்பு. அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசிலும் அதே கதைதான். அஞ்சு வருசம் எல்லாரையும் ஓட விட்டு, வெட்டுப்புள்ளிக்கு மேல வந்த நாலு பேருக்கு மாலை. மத்ததுக பாவம், ஓடுனதே தப்போன்னு நிக்கும்.

அதே தராசடியில இன்னொரு கூத்தும் நடக்கும். கூடைக்கு ஒரு கழிப்பு, ஈரத்துக்கு ஒரு கழிப்பு. வெயில் மண்டையப் பொளக்குற அன்னைக்கும் ஈரத்துக்குக் கழிப்பாங்க! எடுத்தது இருபது, விழுந்தது பதினெட்டு. சொன்ன கிலோ வராட்டி அரைப்பேரு, அரை நாள் சம்பளம்தான். நாளெல்லாம் நின்னவ அரை மனுசியாத் திரும்பி வருவா.

நேத்து வேலியோரம் வந்தப்ப உங்க வகுப்பு காதுல விழுந்துச்சு. ஒட்டுக் கேக்கல, கடாதான் அந்தப் பக்கம் இழுத்துச்சு. 'நல்லா எழுதியிருக்க, ஆனா இதை ஏன் நேத்தே எழுதல?'ன்னீங்களே, அது ஈரக் கழிப்பு மாஸ்டர். கூடையில இருக்குறதை அப்படியே நிறுத்துக் குடுங்க. 'நல்லா எழுதியிருக்க'ன்னதும் வாயை மூடிருங்க. கஷ்டம்தான், மாஸ்டர்மாருக்கு அது மட்டும் ட்ரெயினிங்ல வரமாட்டேங்குது.

அப்புறம் அந்த 'வெரி குட்'. எல்லாருக்கும் ஒரே வெரி குட்டு, கோயில் பொங்கல் மாதிரி. எதுக்கு வெரி குட்டுன்னு பிள்ளைக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. 'கோடு தாண்டாம எழுதியிருக்க', 'பக்கத்துப் பிள்ளைக்குப் பென்சில் குடுத்தியே, பாத்தேன்'. இந்த 'பாத்தேன்' இருக்கே, கடையில ஒரு கட்டு வாங்க முடியாத நட்சத்திரம் அது. 'கெட்டிக்காரன்'னு மட்டும் பட்டம் குடுத்துராதீங்க. பட்டம் வாங்குன பய அது போயிருமோன்னு கஷ்டமான கணக்குப் பக்கமே போகமாட்டான். 1998ல அமெரிக்காவுல சோதிச்சுச் சொன்னாங்கன்னு நீங்கதானே படிச்சுக் காட்டுனீங்க? படிச்சதும் நீங்க, மறந்ததும் நீங்க.

இன்னொண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. மேசையத் தட்டுற அந்தக் கடைசி வாங்குப் பயலை ஒரு பாடத்துக்குள்ள எத்தனை தடவை கூப்புட்டீங்க? நான் எண்ணுனேன், பதினாலு. மூலையில சத்தமில்லாம எழுதுற எங்க பேத்திய? ஒரு தடவைகூட இல்ல. ஒவ்வொரு தட்டுக்கும் கூடுதல் கிலோக் காசு நீங்கதான் குடுத்துக்கிட்டு இருக்கீங்க. அவன் ஏன் நிறுத்தப்போறான்? அவன் தட்டாத நிமிசம் ஒண்ணு வரும்ல, அப்பப் பக்கத்துல போய் நில்லுங்க.

இதுக்கும் நீங்கதான் ஒரு கதை சொன்னீங்க. 1969ல வந்த ஆய்வு ஒண்ணுல, அமெரிக்காவுல கன்சாஸ்ல ஒரு நாலாம் வகுப்பை ரெண்டு கட்சியாப் பிரிச்சு வெளையாட விட்டாங்கன்னீங்க. குழப்படிக்குப் பலகையில ஒரு கோடு, கோடு கொறைஞ்ச கட்சிக்கு சாப்பாட்டு வரிசையில முன்னுரிமை, கடைசியில அரை மணி நேரம் இஷ்டப்படி இருக்கலாம். எனக்குப் புடிச்சது அதுல ஒண்ணுதான்: கோடு அளவு மீறாட்டி ரெண்டு கட்சியும் செயிக்கலாம். நம்ம நாட்டுக் கட்சிக்காரனுக்கு இதைச் சொல்லிறாதீங்க, பயந்துருவான்.

ஆனா எண்ணுறதுல கவனம் வேணும். அந்தக் காலத்துக் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவுன்னு கணக்கு. அதனால என்னாச்சு? காய்ச்சல்ல கெடந்தவனையும் கம்பளியோட, ஆள் எண்ணுற பிரட்டுக்களத்துக்கு இழுத்தாந்தான். தலைக்குத்தானே காசு, ஒடம்புக்கா? நீங்களும் 'கை தூக்குனா நட்சத்திரம்'னீங்க. இப்பப் பதில் தெரியாததுகளும் ரெண்டு கையையும் தூக்குது.

இந்த நட்சத்திரத்தையெல்லாம் எப்ப நிறுத்துறதுன்னுதானே கேக்குறீங்க? வேலியில அந்த மொளகுக் கொடியப் பாருங்க. நட்ட புதுசுல வாழை நாரால மரத்தோட லேசாக் கட்டுனேன். இறுக்குனா தண்டு அறுந்துரும். கணுவுல வேர் விட்டு மரத்தைப் புடிச்சிருச்சு, நாரு தானா மக்கி விழுந்துருச்சு. நாரைக் காணோம்னு கொடி அழுவல. நாருக்குப் பதிலா முறுக்குக் கம்பியப் போட்டா? அதுக்கும் நீங்க சொன்ன கதை ஒண்ணு இருக்கு. 1973ல வந்த ஆய்வு ஒண்ணுல, ஆசையா படம் வரைஞ்ச சின்னப் பிள்ளைகளுக்கு, வரைஞ்சா சான்றிதழ் தர்றோம்னு முன்னாடியே ஆசை காட்டுனாங்களாம். பெறகு அதுக வரையறதே கொறைஞ்சு போச்சாம். சொல்லாம திடீர்னு குடுத்த பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகல. ஏற்கெனவே ஏறுற கொடிக்கு என்னாத்துக்கு மாஸ்டர் கம்பி?

உங்க கொறையும் எனக்குத் தெரியும். ஆசிரியர் உதவியாளர்னு பேரு வச்சு மாசம் 6,000 ரூபாயில உங்க அண்ணன்மாரை நம்ம மலைக்கு அனுப்புனாங்களே, அதுக்கு எந்த நட்சத்திரத்தை ஒட்டுறது? அதுவும் ஒரு அரைப்பேருதான்.

நீங்க வந்த புதுசுல எட்டே கால் பஸ்ஸு. அதிபர் சொன்னாரு, வலயத்துல இருந்து ஆளு வந்து கேட்டாரு, பஸ்ஸு மாறல. நான் ஏதாச்சும் சொன்னேனா? ஏழு மணி பஸ்ஸுல எறங்குன அன்னைக்கு மட்டும் பிளேன்டியோட கருப்பட்டி வைக்கச் சொன்னேன், அவ்வளவுதான். இன்னையோட பதினேழு நாளா ஏழு மணி பஸ்ஸு. அடுத்த வாரத்துல இருந்து கருப்பட்டியக் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைக்கலாம்னு இருக்கோம்.

ஏன் மாஸ்டர் கிளாஸைக் கீழ வச்சிட்டீங்க? ஆறிப்போகும், குடிங்க.