திருவிழா இரவில் பாயின் பங்கு: ஒரு முன்னாய்வு

தமிழ் நாடகத்தைப் பற்றி ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடகங்களை அலசி முனைவரானவர்கள் உண்டு. சூசன் சைஸர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் மதுரையில் தங்கி, ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு ஊர் ஊராகப் போய், 2005இல் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். ஆனால் இவர்கள் எல்லோருடைய கவனமும் பெரும்பாலும் மேடை மேலேயே இருந்தது. மேடைக்கு எதிரே பொட்டலில் விரித்துக் கிடந்த பாய்களை எவரும் முறையாக ஆராயவில்லை. இந்தக் குறையை விருதுநகர் மாவட்டத்தை ஆய்வுப் பரப்பாகக் கொண்டு நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருதுகோள் இது: திருவிழா நாளொன்றின் கலை நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் முழுதாகப் பார்த்தவர் எவரும் இல்லை. பார்த்தேன் என்று சொல்பவர், தான் தூங்கியதையே அறியாதவர்.

இம்மாவட்டத்தில் சோதனைக் களத்துக்குக் குறைவே கிடையாது. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கல், அதை ஒட்டிப் பொருட்காட்சி. சிவகாசியில் பங்குனியில் மாரியம்மனுக்கும் சித்திரையில் பத்திரகாளியம்மனுக்கும் பொங்கல். ஆடிக் கடைசி வெள்ளியில் இருக்கன்குடி. இவை போக, ஒவ்வொரு கிராமமும் தன் காளிக்கோ முனிக்கோ தனியாக நாள் குறித்துச் சாட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட ஒரு நாளில் பார்வையாளரின் வேலை காலை அக்கினிச்சட்டியோடு தொடங்கிவிடுகிறது. வெயில் தாழ்ந்ததும் முளைப்பாரி, கரகாட்டம். பிறகு வில்லுப்பாட்டு, வாணவேடிக்கை. இரவு பத்து மணிக்கு மேல்தான் நாடகம். அது முடியும்போது கிழக்கு வெளுத்திருக்கும்.

இனி பாய். ‘பாய்’ என்று இங்கே குறிக்கப்படுவதில் கோரைப்பாய், பிளாஸ்டிக் பாய், பிரித்துத் தைத்த உரச்சாக்கு, அவசரத்துக்கு ஒரு துண்டு ஆகிய யாவும் அடங்கும். மாலை நாலு மணிக்கு, மேடையில் பந்தல்காரர் இன்னும் ஆணி அடித்துக்கொண்டிருக்கும்போதே, வீட்டுக்கு ஒரு சிறுவன் பாயோடு வந்து விரித்து நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டுப் போகிறான். அந்தக் கணத்திலிருந்து அந்த நிலம் அந்தக் குடும்பத்துடையது. பத்திரப் பதிவு இல்லை, பட்டா இல்லை, ஆனாலும் வழக்கு வந்தால் ஊரே சாட்சி சொல்லும். கல்லை நகர்த்துவது குற்றம். பாயை மடித்துவிட்டு நடுவில் உட்காருவது பெருங்குற்றம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்ற பிரிவு ஏற்பாட்டாளர் சொல்லாமலே நடக்கிறது. மேடைக்கு மிக அருகில் குழந்தைகள். இவர்கள்தான் முதலில் தூங்குகிறவர்கள் என்பதால், அந்தச் சிறந்த இடம் இரவு முழுவதும் வீணாகிறது.

கரகாட்டத்தில் யாரும் தூங்குவதில்லை. நையாண்டி மேளத்தில் நாகசுரம், தவில், பம்பை, தமுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் பேசும்போது அது இயலாத காரியம். வில்லுப்பாட்டில் தூங்க வாய்ப்பு உண்டு, கதை நீளமானது. ஆனால் அந்தக் கலையை வகுத்தவர்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள். தலைமைப் பாடகர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுகிறார். கதைக்கு அந்த ஆமா தேவையே இல்லை. கேட்பவரைத் தட்டி எழுப்பத்தான் அது இருக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு. சாத்தூர் பிச்சைக்குட்டி போன்ற வில்லிசைப் பெரியவர்களைத் தந்த மண் இது. இந்தத் துணிபை மறுப்பவர்கள் அம்மண்ணில் ஒரு இரவு உட்கார்ந்து பார்க்கலாம்.

வாணவேடிக்கையைத் தனியே குறிப்பிட வேண்டும். மற்ற ஊர்களில் வாணம் வெடித்தால் கூட்டம் ஆவென்று பார்க்கும். சிவகாசி வட்டாரத்தில் கூட்டம் திருத்துகிறது. வானத்தில் சிவப்பு விரிந்தால் ஸ்ட்ரான்சியம், பச்சை விரிந்தால் பேரியம் என்று பார்ப்பவருக்குத் தெரியும். காலையில் அவர் கையே மருந்து கலந்திருக்கக் கூடும். நீலம் வந்தால் எல்லோரும் உற்றுப் பார்ப்பார்கள். செம்புச் சேர்மங்கள் அதிக வெப்பத்தில் சிதைந்துவிடுவதால் நல்ல நீலம் எளிதில் அமையாது. ‘நீலம் வெளுத்துப் போச்சே’ என்று ஒரு குரல் வரும். ‘எந்தக் கம்பெனி?’ என்று இன்னொரு குரல் கேட்கும். இங்கேயும் தூக்கம் இல்லை.

ஆக, சிக்கல் நாடகத்தில்தான். ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, ஆர்மோனியக்காரர் வேறோர் ஊரிலிருந்து. தனித்தனியாகப் பேசி முடித்து அழைத்தவர்கள் அன்றிரவு மேடையில்தான் சந்திக்கிறார்கள். ஆனாலும் ‘வள்ளி திருமணம்’ பிசகாமல் நடக்கிறது, ஏனென்றால் எல்லோருக்கும் அது மனப்பாடம். பார்க்கிறவர்களுக்கும் மனப்பாடம். அடுத்து என்ன வரும் என்பது தெரிந்த நாடகத்தில்தான் நிம்மதியாகத் தூங்க முடியும்.

முதலில் பபூன் வருகிறார். பபூனும் டான்ஸும் நடக்கும்வரை ஊர் விழித்திருக்கிறது. நள்ளிரவுக்குப் பிறகு பொட்டல் சாய்கிறது. இந்த இடத்தில்தான் தமிழ் நாடக வரலாறு கவனிக்கத் தவறிய ஒரு நிறுவனம் செயல்படத் தொடங்குகிறது: எழுப்பிவிடும் ஒப்பந்தம். ‘தர்க்கம் வந்தா எழுப்பு’ என்று பக்கத்துப் பாயில் சொல்லிவிட்டுப் படுப்பதே அது. வாக்குவாதப் பகுதிக்குத்தான் தர்க்கம் என்று பெயர். வள்ளியோடு முதலில் நாரதர் தர்க்கம் செய்வார், பிறகு வேடனாக வரும் வேலர். கலையின் உச்சம் அதுதான் என்பதில் படுத்திருப்பவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஒப்பந்தம் நிறைவேறும்போது நடக்கும் உரையாடல் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றே:

‘அப்பத்தா, எந்திரி. தர்க்கம் ஆரம்பிச்சாச்சு.’

‘நாரதரா, வேலரா?’

‘நாரதர்.’

‘அப்போ பெறகு எழுப்பு.’

இத்தனை துல்லியமான விமர்சனத்தை எந்தப் பத்திரிகையும் எழுதியதில்லை.

இதற்கு எதிர்ச்சான்றுகள் உண்டா? சிவகாசியில் 1886இல் பிறந்த விஸ்வநாததாஸின் நாடகங்களைச் சொல்ல வேண்டும். முருகன் வேடத்தில் வந்து வெள்ளையனை எதிர்த்துப் பாடியவர். அதற்காகப் பலமுறை சிறை போனவர். அவர் பாடும்போது யாரும் கண்ணயர்ந்திருக்க மாட்டார்கள் என்று கொள்ளலாம். மேடையைக் கண்காணிக்க 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டமும் இருந்ததால், விழித்திருக்கச் சம்பளம் வாங்கிய பார்வையாளர் ஒரு வகையினர் அப்போது இருந்தார்கள்: போலீஸ்காரர்கள். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் ‘வள்ளி திருமணம்’ நடந்துகொண்டிருக்க, மயில்மேல் முருகனாக வீற்றிருந்தபடியே மேடையில் அவர் உயிர் பிரிந்தது. அந்த இரவைப் பற்றி வேடிக்கையாக எழுத இந்த ஆய்வுக்கும் மனம் வரவில்லை.

உலக அளவில் ஒப்பிட்டாலும் கருதுகோள் அசையவில்லை. 1947இல் தொடங்கிய எடின்பரோ விளிம்பு விழாவில் இப்போதெல்லாம் 3,000க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். முழுதும் பார்க்க ஆசைப்படுவதே மடமை. பீட்டர் புரூக் 1985இல் பிரான்சின் அவிஞ்ஞோன் அருகே ஒரு கல்குவாரியில் மகாபாரதத்தை 9 மணி நேர நாடகமாக்கி, விடிய விடியவும் நடத்தினார். ஐரோப்பா அதை இன்றும் வியந்து பேசுகிறது. சாத்தூர்ப் பக்கத்துப் பாட்டி ஒருத்தியிடம் இதைச் சொன்னால், சேவு எங்கே கிடைத்தது என்று கேட்பாள். கேள்வி நியாயமானது. கண்விழித்தலில் காராச்சேவின் பங்கு தனி ஆய்வுக்குரியது. வாயில் கடகடவென்று ஒன்றை வைத்துக்கொண்டு தூங்குவது கடினம்.

இந்த ஆய்வுக்கு ஒரு காலக்கெடுவும் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவுவரை மாநில அரசு தளர்த்தலாம். நாடகம் தொடங்கும் நேரமும் சட்டப்படி ஒலிபெருக்கி ஓய வேண்டிய நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைவரை போகும் ஊர்கள் பல. நள்ளிரவோடு நாடகத்தை முடித்தால் சட்டம் திருப்தியடையும். ஆனால் அப்போது பபூன் மட்டுமே வந்துபோயிருப்பார். தர்க்கம் வந்தே இருக்காது. அப்பத்தாவை எழுப்ப வேண்டிய அவசியமும் இருக்காது.

விடியலில் வள்ளிக்குத் தாலி ஏறும்போது விழித்திருப்பவர்கள் யார் யார் என்று பார்த்தால் முருகன், வள்ளி, ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர். மைக் செட்காரரையும் சேர்க்கலாம் என்று தோன்றும். ஸ்பீக்கர் பெட்டிமேல் தலைசாய்த்தபடி கையால் மட்டும் வால்யூம் கூட்டுபவரை எந்தப் பிரிவில் வைப்பது என்பதில் ஆய்வு முடிவுக்கு வரவில்லை. மற்றபடி கருதுகோள் நிறுவப்பட்டது. வரும் பங்குனியில் நாடகம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பாயை மறந்தாலும் பரவாயில்லை. பக்கத்தில் படுப்பவர் நாரதருக்கும் வேலருக்கும் வித்தியாசம் தெரிந்தவர்தானா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.