சுவத்துக்கு ஸ்கேன் எடுக்கறீங்களாக்கும்!

ஏங்கண்ணு, குன்னூர்ப் பக்கம் மலையை வெட்டி பங்களா கட்டிப்போட்டியாமே? தடுப்புச் சுவத்துல விரிசல் உட்டுருச்சுன்னு மிசின் வேற வந்துருக்குதாம். மண்ணைத் தோண்டாமலே உள்ள இருக்கறதைச் சொல்லிப்போடுமாம். "ஜியோபிசிக்கல் சர்வே"ன்னு நீ சொல்றப்ப உன்ற மூஞ்சியில ஒரு பெருமை வழிஞ்சுது பாரு, அதுக்கே தனியா ஒரு தடுப்புச் சுவர் கட்டோணும்.

மிசினைக் கொறை சொல்லலை சாமி. நானும் குந்தி வேடிக்கை பார்த்தவன்தான். நாலு கம்பியை வரிசையா நட்டறாங்க. ஓரத்துக் கம்பி ரெண்டுலயும் கரண்டு உட்டு, நடுவுல இருக்கற ரெண்டுலயும் வோல்டேஜ் அளக்கறாங்க. கம்பியைத் தள்ளித் தள்ளி நட்டா ஆழம் கூடத் தெரியும். ஈரக் களிமண்ணுல கரண்டு சுளுவாப் போகும், 100 ஓம்-மீட்டருக்குக் கீழ காட்டும். காஞ்ச பாறைன்னா ஆயிரக்கணக்குல ஏறும். இன்னொருத்தரு இரும்புத் தகட்டு மேல சம்மட்டியில போடறாரு. அந்த அதிர்வு எப்ப வந்து சேருதுன்னு ஜியோபோன் கணக்கு வெக்குது. சந்தையில தேங்காயைத் தட்டிப் பார்த்துத்தானே வாங்கறோம்?

நீலகிரிக்கு இது வேணும்தான். அங்க சார்னோகைட் பாறை மக்கி மக்கிப் பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்ணாக் கெடக்குது. நடுநடுவுல மக்காத உருண்டைக் கல்லு. போர் போடறவன் அந்தக் கல்லுல முட்டிட்டு "பாறை வந்துருச்சுங்க"ம்பான். கூலியையும் வாங்கிட்டுப் போயிருவான். கல்லுக்கு அடியில இன்னும் மண்ணு! கம்பி நட்டவனைக் கேட்டா அந்தப் பொய் தெரிஞ்சு போகும்.

சரி, சுவத்து மேல ரேடார் வண்டி உருட்டுனாங்களாமே? காஞ்ச கான்கிரீட்டுல கம்பி எங்க, பொந்து எங்கன்னு காட்டும். பின்னாடி இருக்கறது ஈரக் களிமண்ணுன்னா அதுக்குக் கண்ணு அவிஞ்சு போகும். அதைச் சொன்னாங்களா உனக்கு? கம்பி நட்டவங்க கலர் கலராப் படம் போட்ட ரிப்போர்ட்டைக் குடுத்தா நீ பிரேம் போட்டு மாட்டிருவே. நீலமா இருக்கறதெல்லாம் தண்ணியா? களிமண்ணும் நீலமாத்தான் கண்ணு வரும். ரெண்டு எடத்துலயாவது தோண்டிப் பார்த்தாத்தான் எது எதுன்னு புரியும்.

சர்வே எப்பப் பண்ணுனே? ஏப்ரல்லயா? மலை எப்பச் சரியுது? 1993-ல மரப்பாலம்ங்கற எடத்துல மண்ணு சரிஞ்சு ரோட்டையும் ரயில் பாதையையும் அடிச்சுட்டுப் போனது நவம்பர். 2009-ல நீலகிரியில 40 பேருக்கு மேல செத்ததும் நவம்பர். வெயில்ல ஒருக்கா, ஐப்பசி மழையில ஒருக்கா, அதே எடத்துல அதே கம்பியை நட்டுப் பாரு. எங்க கணக்கு மாறுதோ அங்கதான் தண்ணி தேங்குது.

அதெல்லாம் இருக்கட்டும். சுவத்துல தண்ணி வடியறதுக்குப் பைப்புத் துளை இருந்துச்சே, எங்க? பாசி புடிச்சு அசிங்கமா இருந்துச்சுன்னு பூசிட்டியா? அட என்ற ராசா! 3 மீட்டர் ஒசரச் சுவத்துக்குப் பின்னாடி தண்ணி நெறைஞ்சு நின்னா ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 4.5 டன் தள்ளும். மண்ணு தள்ளறது அது போக. பின்னாடி ஜல்லி கொட்டோணும்னாங்க. நீ லாரி வாடகை மிச்சம்னு வெட்டுன மண்ணையே தள்ளி மூடுனே. இப்ப மிசின்காரங்க "பின்னாடி ஈரம் இருக்குதுங்க"ன்னு எழுதிக் குடுப்பாங்க. அதைத்தானே அந்தச் சுவரு வயித்தை முன்னால தள்ளிக் காட்டிட்டு நிக்குது?

மிசின்காரங்களைத் தாட்டி உட்டுராதே. மழைக்கு மறுக்கா வரச்சொல்லு. அதுக்குள்ள கொத்தனாரைக் கூப்புட்டு அந்தத் துளையெல்லாம் தொறந்து உடு. மேல இருந்து வர்ற தண்ணியை வாய்க்கால் வெட்டி ஓரமாத் திருப்பு. சுவத்துக்குக் கீழ லைன் வீடு இருக்குது கண்ணு. அங்க இருக்கறவங்க கார்த்திகை மழையிலும் அங்கயேதான் படுக்கோணும்.