தாத்தா அடித்த கோல்

மலேசியக் காற்பந்து அணி கோல் அடிக்காத இரவுகளில், கேமரன் மலைச் சாப்பாட்டுக் கடைகளில் முதலில் உருளுவது தாக்குதல் ஆட்டக்காரரின் தலைதான். கண்ணுக்குத் தெரிபவர் அவர் ஒருவர்தானே! தேயிலைத் தோட்டத்துக்காரர்களாவது கொஞ்சம் நிதானம் காட்டலாம். கொழுந்து எடை குறைந்தால் பறித்தவரைக் கங்காணி ஏசுவார். ஆனால் எந்த மலையை எந்த ஆண்டு கவாத்து வெட்டுவது, எவ்வளவு உரம் போடுவது என்றெல்லாம் முடிவு செய்தவர் பங்களாவில் இருப்பார். கோல் பஞ்சத்துக்கும் நான் பங்களாவைத்தான் கை காட்டுவேன்.

“நம் பையன்களுக்கு அடிக்கவே வராது” என்பார்கள். வராமலா 2016 பிப்ரவரியில் பினாங்கின் ஃபைஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக் ஃபிஃபாவின் புஸ்காஸ் விருதை வாங்கியது? அது விழுந்தது எங்கள் பகாங் வலையில் என்பதால் இந்தப் பக்கம் கைதட்டல் சற்றுத் தாமதமாகியிருக்கலாம். 2024 ஜனவரி ஆசியக் கிண்ணத்தில் ஜோர்டானிடம் 0-4, பஹ்ரைனிடம் 0-1 என்று தோற்ற அதே மலேசிய அணிதான் தென்கொரியாவுக்கு 3 கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தது. அப்படியென்றால் அடிக்கத் தெரிகிறது, அடிக்க வைக்கத்தான் ஆளில்லை. ஸ்ரீ பகாங் 2025 ஏப்ரலில் மலேசியக் கிண்ண இறுதியாட்டம் வரை போனது. அடுத்த பருவத்தில் லீக்கிலேயே இல்லை. ஒரு முழு அணியையே காணாமல் போக்கும் வித்தை எந்த ஆட்டக்காரருக்கும் வராது. அதற்கு நிர்வாகம் வேண்டும்.

நிர்வாகம் சும்மா இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. அது தாத்தா பாட்டிகளைத் தேடியது. பெற்றோரோ தாத்தா பாட்டியோ இங்கே பிறந்திருந்தால், குடியுரிமை வாங்கி மலேசியாவுக்கு ஆடலாம். அப்படி வந்தவர்களோடு 2025 ஜூன் 10, புக்கிட் ஜாலிலில் வியட்நாமுக்கு எதிராக 4-0 வெற்றி! செப்டம்பரில் ஃபிஃபா, அப்படிச் சேர்ந்த ஏழு ஆட்டக்காரர்களின் ஆவணங்கள் போலி என்றது. மலாக்காவில் பிறந்ததாகத் தாளில் இருந்த ஒரு தாத்தா, அசல் பதிவில் நெதர்லாந்தின் ஹேக் நகரில் பிறந்திருந்தார். மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம். நவம்பரில் மேல்முறையீடும் தள்ளுபடி. ‘தொழில்நுட்பப் பிழை’ என்றது சங்கம். இந்த மண்ணிலேயே பிறந்தும் பத்திரம் இல்லாமல் குடியுரிமை தராத சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளிய தோட்டத்துத் தாத்தாக்களுக்கு இப்படி ஒரு பிழை வாய்க்கவில்லை.

“இந்தோனேசியாவும்தானே வெளியே பிறந்தவர்களைச் சேர்க்கிறது?” சேர்க்கட்டும், உண்மையான பாட்டி இருந்தால் யாருக்கு என்ன வலி? “எப்படியோ கோல் வந்ததே” என்பவர்கள்தான் விடாக்கண்டர்கள். வியட்நாமுக்கு எதிரான அந்த நான்கு கோல்களில் ஃபிஃபா பட்டியலில் இருந்தவர்கள் அடித்தது இரண்டு. மீதி இரண்டைப் பட்டியலில் இல்லாத கோர்பின்-ஓங்கும் கூச்சிங்கில் பிறந்த டியோன் கூல்ஸும் அடித்தார்கள். இருவரும் தற்காப்பு ஆட்டக்காரர்கள்! கோலுக்குத் தாத்தா தேட வேண்டியதில்லை: இதே பகாங்கில், கம்பாங்கில், நாட்டின் மாபெரும் கோல் வேட்டைக்காரர் மொக்தார் டஹாரியின் பெயரில் ஒரு காற்பந்துப் பயிற்சிக்கழகம் இருக்கிறது. அங்கே பயிலும் பையன்களின் தாத்தாக்களைப் பற்றி ஃபிஃபா கடிதம் எழுதப் போவதில்லை.